பேங்காக்கில் போட்ட மொட்டை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆண்கள் கூட்டமாகச் சிங்கப்பூர் போகிறார்கள் என்றால் சம்பாதிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். துபாய்க்கும் அதே அர்த்தம்தான். மலேசியா என்றால் பத்துமலை முருகன். பேங்காக் என்று சொன்னால் மட்டும் கேட்கிறவர் கொஞ்ச நேரம் பேசாமல் நம் முகத்தைப் பார்ப்பார். பிறகு "ஓஹோ" என்பார். அந்த ஓஹோவை ஒரு தடவை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் கழுவ முடியாது. திண்டுக்கல்லில் ஒரு பாத்திரக்கடைக்காரர் பேங்காக் போய்வந்து, கோயில் பார்த்தேன், படகில் போனேன், மீன் தின்றேன் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டோ காட்டினார். அந்தப் போட்டோக்களில் அவருடைய மாமியாரும் இருந்தார். அப்படியும் ஊர் நம்பவில்லை.

அப்பேர்ப்பட்ட ஊருக்குத்தான் நாங்கள் மூன்று பேர் டிக்கெட் போட்டோம். நான் திண்டுக்கல்லில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள், எதுவானாலும் ஆளை வெளுப்பாக்கி, முடியைக் கறுப்பாக்கி, பின்னால் ஒரு சிங்கத்தையோ சாமியையோ நிறுத்தி அனுப்புவது என் தொழில். இரண்டாமவன் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகன். மூன்றாமவனுக்கு ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு. மூன்று பேரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாக அரியர் வைத்தவர்கள். படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்பதில் இன்றுவரை எங்களுக்குள் கருத்து வேற்றுமை வந்ததில்லை. தரகனை அய்யலூரான் என்றும், தோப்புக்காரனை ஆயக்குடியான் என்றும்தான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

என் வீட்டில் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவேயில்லை.

"போயிட்டு வாங்க. ஒங்கள அங்க மட்டும் எவ சீண்டப் போறா."

மனைவியின் இப்படிப்பட்ட நம்பிக்கை எல்லாக் கணவர்களுக்கும் வாய்ப்பதில்லை. நான் நிம்மதியாகப் பெட்டி கட்டினேன்.

சிக்கல் ஆயக்குடியானுக்குத்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பத்து வருஷமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருஷமாகப் பெண் வீட்டார் அவனுக்குப் பஜ்ஜி கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆள் நல்ல ஆள், குடி கிடையாது, கடன் கிடையாது, காய்க்கிற தோப்பு இருக்கிறது. அந்தத் தோப்புதான் அவனுடைய குறை. சென்னையில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்து விழிக்கிறவனுக்குப் பெண் கொடுப்பார்கள். சொந்த மண்ணில் நின்று மரத்தைப் பார்க்கிறவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள், நானும் என் தங்கையை அப்படித்தான் பெங்களூரில் கொடுத்தேன்.

நாங்கள் டிக்கெட் போட்டு இரண்டு மாதம் கழித்து அவனுக்குப் பாலசமுத்திரத்தில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பழனியில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். அந்தப் பெண் இவனோடு போனிலும் ஒரு தடவை பேசினாள். அன்று சாயங்காலம் இவன் மோட்டார் பைக்கில் திண்டுக்கல் வந்து, என் கடை வாசலில் நின்றுகொண்டு, முகமெல்லாம் பல்லாகச் சொன்னான்.

"கொய்யாவுல ஏன் புழு வருதுன்னு கேட்டாங்க. அரை மணி நேரம் சொன்னேனுங்க. குறுக்க பேசாமக் கேட்டாங்க. பத்து வருசத்துல ஒரு புள்ள எங்கிட்ட தோப்பப் பத்திக் கேட்டது இதுதானுங்க மொதல் தடவ."

புழு வைக்கும் பழ ஈயைப் பற்றி அரை மணி நேரம் பேசிய மாப்பிள்ளையை ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றால் அது சாதாரண சம்பந்தம் இல்லை. அது கைவிட்டுப் போனால் இவன் இனி எழுந்திருக்க மாட்டான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பெண்ணின் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருஷம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். பாலசமுத்திரத்தில் இருந்து பழனி கூப்பிடு தூரம். அது பாதயாத்திரைக்குப் போதாது, கால் வலித்தால்தான் பலன் என்று, காரைக்குடிப் பக்கம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து திரும்பி நடந்து வருவார். இப்படிப்பட்ட பக்திமான் ஒருநாள் போன் செய்தபோது நாங்கள் மூன்று பேரும் என் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஆயக்குடியான் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏனுங் மாப்ள, பூ வெக்கறதப் பத்திப் பேசோணும். அடுத்த வாரம் ஊர்லதான இருப்பீங்க?"

"வெளிநாடு போறேனுங்க மாமா. சிநேகிதங்களோட."

"எங்கீங்க?"

இவன் எங்களைப் பார்த்தான். அய்யலூரான் டீ கிளாஸை வைத்துவிட்டு வாயை மட்டும் அசைத்து "மலேசியா" என்றான்.

"மலேசியாங்க."

"பத்துமலைக்குங்களா?"

"ஆமாங்க."

"வேண்டுதலுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப மொட்டை உண்டுங்களே?"

"ஆமாங்க."

பெரியவர்கள் எது கேட்டாலும் இவனுக்கு வாயில் வருகிற சொல் அது ஒன்றுதான். இல்லை என்று சொல்ல அவனுடைய நாக்கைப் பழக்கவேயில்லை. மூன்று ஆமாங்கவில் ஒரு மனிதனின் தலைமுடி போய்விட்டது. அந்தப் பக்கம் மாமனாருக்குக் குரல் தழுதழுத்தது. "மொட்டை போட்டதும் ஒரு போட்டோ அனுப்பி உடுங்க மாப்ள. சாமி பின்னால தெரியோணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"பொய்யாப் போச்சேங்க" என்றான் ஆயக்குடியான்.

"ஏலே, என்ன பொய்யி? கோலாலம்பூர்ல எறங்கித்தேன பிளேன் மாறுறோம்? மலேசியா போயிட்டு வாரோம்ங்கிறது அம்புட்டும் நெசம். பேங்காக்கு அதுக்கு மேல கூடுதலு" என்றான் அய்யலூரான். சந்தையில் கிழட்டுக் கிடாயை இளங்கிடாய் என்று தள்ளிவிடுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா.

திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் இறங்கி, வெளியே போக நேரமில்லாமல் கண்ணாடி வழியாக மலேசியாவைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அய்யலூரான் கீழே குனிந்து ஏர்போர்ட் தரையைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டான். எல்லாம் ஒரு ஆதாரத்துக்கு என்றான்.

பேங்காக்கைப் பற்றி எல்லோரும் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. அங்கே நம்மூர் வெயில்தான் அடிக்கிறது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இலவசமாகக் கிடைக்கிற வெயிலுக்காகக் கடல் தாண்டிப் போயிருக்கிறோம். ஆனால் ஊர் தூங்குகிற மாதிரியே தெரியவில்லை. நடைபாதை முழுக்க அடுப்பு. மீனை உப்பில் புரட்டிச் சுடுகிறார்கள், பன்றியைக் கம்பியில் கோத்துச் சுடுகிறார்கள், ஒரு இடத்தில் தேளைக் கூடக் குச்சியில் கோத்து வைத்திருந்தார்கள். தேளை வாங்கிக் கடிக்கிறவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். ஊர்க்காரர்கள் தூர நின்று சிரித்தார்கள். கால்வாயில் படகு பஸ் மாதிரி ஓடுகிறது. தண்ணீர் மேலே அடிக்கும்போது ஓரத்தில் இருக்கிறவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எனக்கு அந்த ஓரத்து இடம்தான் கிடைத்தது. சுற்றுலா போன இடத்தில் நான் செய்த உடலுழைப்பு அது ஒன்றுதான்.

ஆயக்குடியான் எந்த வண்டியில் கொய்யாவைக் கண்டாலும் நின்றுவிடுவான். தேங்காய் பருமனில் பச்சைக் கொய்யா, வெட்டி, மிளகாய் உப்போடு கொடுக்கிறார்கள். வாங்கி, மோந்து, கடித்து, விதையை உள்ளங்கையில் துப்பிப் பார்த்து, "காய் பெருசுங்க, ஆனா வாசமே இல்லீங்க" என்பான். அடுத்த வண்டியிலும் அதையே வாங்கி அதையே சொல்வான். தங்கக் கூரை போட்ட கோயிலுக்குள் நிற்கும்போதும் பின்னால் இருந்த மரத்துக்கு என்ன உரம் போடுகிறார்கள் என்றுதான் கேட்டான்.

ஊர் எதற்கு ஓஹோ சொல்கிறதோ அந்த மசாஜுக்கும் போனோம். கால் மசாஜ். கதவு கண்ணாடிக் கதவு, தெருவில் போகிறவர்களெல்லாம் பார்க்கலாம். எங்கள் அத்தை வயதில் ஒரு அம்மாள் வந்து அய்யலூரானின் கெண்டைக்காலை ஒரு அழுத்து அழுத்தினாள். அவன் போட்ட "ஆத்தா"வில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊருக்குப் போய் இதைச் சொன்னால் எவன் நம்புவான்?

உண்மையில் எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு தகாத காரியம் நடந்தது. அதைச் செய்தது அய்யலூரான். அவன் மகளுக்குப் பை வாங்க ஒரு பெரிய சந்தைக்குப் போயிருந்தோம். அய்யலூரில் ஆட்டுக்கு விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டை விரித்துக் கையை மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக் கூடத் தெரியாது. இவன் இருபது வருஷமாக அப்படியே வியாபாரம் பேசிப் பழகியவன். கடைக்காரன் கால்குலேட்டரை நீட்டினான். இவன் தோளில் இருந்த துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து அமுக்கிவிட்டு, கண்ணைச் சிமிட்டினான். அய்யலூர்ச் சந்தையில் கண் சிமிட்டினால் "முடிச்சுக்கலாமா" என்று அர்த்தம். அங்கே வேறு அர்த்தம் போலிருக்கிறது. கடைக்காரன் பதறவில்லை. மெதுவாகக் கையை உருவிக்கொண்டு, தன் விரலில் இருந்த கல்யாண மோதிரத்தைக் காட்டி, மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினான். பிறகு எதிர்க்கடையில் இருந்த ஒருவரைக் கை நீட்டிக் காட்டினான். அவர் இவனைப் பார்த்துச் சிரித்தார். அய்யலூரான் பை வாங்காமலே வந்துவிட்டான்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில் ஆயக்குடியான் அடிக்கடி போனை எடுத்துப் பெண்ணின் போட்டோவைப் பார்த்துக்கொண்டான். ஆற்றில் படகில் போகும்போது என் பக்கம் திரும்பி, "இது தட்டிப் போச்சுன்னா நான் இனி யாரு வீட்லயும் போயி உக்கார மாட்டேனுங்க" என்றான். நான் ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மறுநாள் மொட்டை. எங்கள் ஓட்டலுக்குப் பின்சந்தில் ஒரு பெரிய புத்தர் கோயில், அதன் மதிலை ஒட்டி ஒரு சின்ன முடிதிருத்தும் கடை. வயதான கடைக்காரர், கல்லாவில் அவருடைய மனைவி. எங்களுக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு எங்கள் ஆங்கிலம் தெரியாது, எங்களுக்கும் அது அவ்வளவாகத் தெரியாது. அய்யலூரான்தான் ஊமை நாடகம் போட்டான். ஆயக்குடியானின் தலையைத் தடவி, வழித்தெறிகிற மாதிரி காட்டினான். வேண்டுதல் என்பதை விளக்குவதற்காகக் கையைத் தலைக்குமேல் குவித்துக் கும்பிட்டு, கண்ணை மூடி, பக்தியாக ஆடினான். நான் என் பங்குக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த கோயிலைக் கை காட்டினேன். சாமி, கோயில், மொட்டை என்று அந்த மனிதர் மூன்றையும் சரியாகப் புரிந்துகொண்டார். வினையே அதுதான்.

கடைக்காரரின் முகம் மாறியது. ஆயக்குடியானைக் கைகூப்பி வணங்கினார். மனைவி உள்ளே போய்ப் பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீரும் தாமரை மொட்டும் கொண்டுவந்தாள். கத்தரியை முதலில் அய்யலூரானிடம் கொடுத்து ஒரு கொத்து வெட்டச் சொன்னார்கள், பிறகு என்னை வெட்டச் சொன்னார்கள். "பாத்தியாப்பு, மொட்டைக்கு என்னா மருவாத குடுக்குறாய்ங்க. நம்ம ஊர்ல தலையப் புடிச்சு அமுக்குறதோட சரி" என்று அய்யலூரான் நெகிழ்ந்துபோனான். நான் வீடியோ எடுத்தேன். பிறகு கத்தி விளையாட ஆரம்பித்ததும் நாங்கள் இரண்டு பேரும் வெளியே இளநீர் குடிக்கப் போய்விட்டோம்.

உள்ளே நடந்ததை ஆயக்குடியான் பின்னால் சொன்னான். கண்ணை மூடி முருகனை நினைத்துக்கொண்டிருந்தானாம். தலை முடிந்ததும் பெரியவர் நெற்றிக்குக் கீழே விரலை வைத்து, மிகவும் மரியாதையான குரலில் ஏதோ கேட்டாராம். வயசானவர், அதுவும் மரியாதையாகக் கேட்கிறார்.

"ஆமாங்க" என்றிருக்கிறான்.

நாங்கள் திரும்பி வந்தபோது புருவம் இரண்டும் போயிருந்தது. புருவம் இல்லாத முகத்தைப் பார்த்தால் ஏதோ குறைகிறது என்று தெரியும், என்ன குறைகிறது என்று உடனே பிடிபடாது. பிடிபட்டதும் நான் சிரிப்பை அடக்கத் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார். மறுபடி வணங்கி, தாமரை மொட்டுகளை அவன் கையில் கொடுத்தார்.

காரணத்தை ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண்தான் சொன்னாள். அங்கே பிக்குவாகப் போகிறவன் தலையோடு புருவத்தையும் மழிக்க வேண்டுமாம். வேண்டியவர்கள்தான் முதல் முடியை வெட்டுவார்களாம். அந்தப் புண்ணியத்துக்குக் காசு வாங்க மாட்டார்களாம். இவ்வளவும் சொல்லி, உங்கள் நண்பர் என்றைக்குத் துறவறம் போகிறார் என்று மலர்ந்த முகத்தோடு கேட்டாள். அடுத்த வாரம் கல்யாணம் பேசி முடிக்கிறோம் என்றேன். அவள் அதற்குமேல் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

ஆயக்குடியான் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இது மொளைக்க எத்தன நாளாகுமுங்க?" என்று மட்டும் கேட்டான்.

"ஆட்டுக்கு வழிச்சா ரெண்டு மாசத்துல மொளைச்சிரும் அப்பு" என்றான் அய்யலூரான்.

"நான் ஆடு இல்லீங்க."

போட்டோ அனுப்பியாக வேண்டும். அது என் துறை. கடைக் கம்ப்யூட்டரில் இருப்பது போலவே என் போனிலும் மீசைக்கு ஒரு ஃபோல்டர், புருவத்துக்கு ஒரு ஃபோல்டர், கழுத்துச் சங்கிலிக்கு ஒரு ஃபோல்டர் உண்டு. அவனைத் தங்க முருகனுக்கு முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, எங்கள் பக்கத்துக் கட்சிப் பிரமுகர் ஒருவரின் புருவத்தை எடுத்து ஒட்டினேன். அடர்த்தியான புருவம், தொண்டர்களுக்காக வளர்த்தது. போட்டோ போன கொஞ்ச நேரத்தில் மாமனாரிடம் இருந்து பதில் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாராம். பெண்ணிடம் இருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

ஊருக்கு வந்ததும் அவன் அம்மா அவனைப் பார்த்துவிட்டு, "சாமிக்குப் புருவத்தையுமா சாமி குடுத்த?" என்று கன்னத்தைத் தடவினார்கள். இவன் வழக்கமான பதிலைச் சொன்னான்.

பூ வைக்கிற நாள் வந்தது. பெண்ணின் தலையில் மாப்பிள்ளையின் அம்மா பூ வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அதற்கு முன்னால் மாப்பிள்ளைக்குப் புருவம் வைக்க வேண்டியிருந்தது. காலையில் அவனை என் வீட்டுக்கு அழைத்து வந்தோம். என் மனைவி பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் தடவை வரைந்ததில் அவன் யாரையோ வெட்டப் போகிறவன் மாதிரி இருந்தான். அழித்துவிட்டு வரைந்ததில் பேயைக் கண்டவன் மாதிரி இருந்தான்.

"கோவம் வேணுமா, பயம் வேணுமா, சீக்கிரம் சொல்லுங்க. எனக்கு வெஞ்சனம் அடுப்புல கெடக்கு" என்றாள் என்னிடம்.

மூன்றாவது தடவை ஓரளவு மனிதனானான். வேனில் ஏறினோம்.

பாலசமுத்திரத்தில் நல்ல கூட்டம். கூடத்தில் பாய் விரித்து, முருகன் படத்துக்குப் பெரிய மாலை போட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்ததும் கரண்டு போனது. ஆயக்குடியானின் மொட்டைத் தலையில் இருந்து வேர்வை இறங்க ஆரம்பித்தது. சொந்தக்காரர்கள் பத்துமலையைப் பற்றி விசாரித்தார்கள். படி எவ்வளவு இருக்கும் என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"எண்ணிக்கிட்டே ஏறுனா பலன் போயிருமாம்யா" என்றான் அய்யலூரான். பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சூடாகப் பஜ்ஜி வந்தது. மாமனார் மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொடுத்து, "மொகத்தத் தொடைங்க மாப்ள, இப்புடி வேர்க்குது" என்றார். பெரியவர் சொல்லிவிட்டார். நான் அவன் கையைப் பிடிப்பதற்குள் துடைத்துவிட்டான். வலது புருவம் முழுசாகத் துண்டுக்கு வந்துவிட்டது.

ஒரு அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டார். அவன் அம்மாதான், பாவம், நம்பியதைச் சொன்னார்கள். "மறைக்கோணும்னு இல்லீங்க. சாமிக்குப் புருவத்தையும் குடுத்துட்டு வந்திருக்கானுங்க. பாக்க ஒரு மாதிரி இருக்குமேன்னுதான் வரைஞ்சு கூட்டியாந்தோம்."

நான் ஒட்டி அனுப்பிய போட்டோவில் புருவம் இருந்தது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மாமனார் எழுந்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. "முடி குடுத்தவங்களப் பாத்திருக்கேன், காது குத்துனவங்களப் பாத்திருக்கேன். புருவத்தக் குடுத்தவர இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். கையைக் கூப்பிக்கொண்டு அவனை நோக்கி வந்து, எல்லோரும் பார்க்க, குனியப் போனார்.

"தப்பிச்சோம்லே" என்று அய்யலூரான் என் காதில் சொன்னான். உண்மைதான். பஜ்ஜியைத் தின்றுவிட்டு, பூவை வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்திருக்கலாம். புருவம் தன்னால் முளைத்திருக்கும். எங்கள் மூன்று பேரின் முட்டாள்தனத்துக்கு இவ்வளவு மலிவாக மன்னிப்பு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை.

ஆயக்குடியான் பின்னால் நகர்ந்து எழுந்து நின்றான்.

"இல்லீங்க மாமா."

"என்னுங்க மாப்ள?"

"நாங்க பத்துமலைக்குப் போவலீங்க. பேங்காக்குக்குப் போனோமுங்க. புருவம் அங்க கடைக்காரர் தெரியாம எடுத்துட்டாருங்க. அங்க நாங்க கெட்டது ஒண்ணும் பண்ணலீங்க. அத நீங்க நம்போணும்னு இல்லீங்க. ஆனா நீங்க எங்கால்ல விழுந்தா என்னால தாங்க முடியாதுங்க."

மூலையில் இருந்து யாரோ "ஓஹோ" என்றார்கள். நான் ஓடாத ஃபேனைப் பார்த்தேன். மாமனாரின் முகம் கறுத்துவிட்டது.

"முருகன் பேரச் சொல்லிப் பொய்யிங்களா? பொய் சொல்றவனுக்கு எம் புள்ளைய எப்படீங்க குடுக்கறது? எந்திரிங்க. எல்லாரும் எந்திரிங்க."

எழுந்தோம். பேங்காக் போன நாளில் இருந்து எல்லாவற்றையும் கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான். இப்போது அழுகைதான் வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவனுடைய அம்மா மடியில் பூப்பந்தை வைத்துக்கொண்டு, எழுந்திருக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பத்து வருஷத்தில் அவனுடைய தோப்பைப் பற்றிக் கேட்ட ஒரே பெண் உள் அறையில் இருந்தாள். அவன் செருப்புப் போட்டுக்கொண்டு வெளியே போனால் முடிந்தது.

"அப்பா."

உள் அறை வாசலில் பெண் நின்றுகொண்டிருந்தாள். பட்டுச் சேலை கட்டியிருந்தாள். குரல் மருந்துக்கடையில் மாத்திரை சொல்கிற மாதிரி நிதானமாக இருந்தது.

"எனக்கு முப்பத்தாறுன்னு அவுங்ககிட்டச் சொல்லீட்டீங்களா?"

"நீ உள்ள போ சாமி."

"முப்பத்திரண்டுன்னு சொன்னீங்க. இதே முருகன் படத்துக்குக் கீழ உக்காந்துதான் சொன்னீங்க."

மாமனார் மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார். ஆயக்குடியான்தான் பேசினான். ஆரம்பித்த உண்மையை அவனால் நிறுத்த முடியவில்லை போலிருக்கிறது.

"எனக்கு நாப்பத்தொண்ணுங்க. முப்பத்தெட்டுன்னு எங்க மாமன் சொல்லிட்டாருங்க."

கூட வந்திருந்த அவனுடைய தாய்மாமன் தட்டில் இருந்த பஜ்ஜியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஈரத் துண்டு இருந்தது. நேராக நடந்து வந்து அவனிடம் நீட்டினாள்.

"அந்த இன்னொன்னையும் தொடச்சிருங்க. நீங்க எப்படி இருக்கீங்கன்னு நான் பாக்கோணும்."

அவன் வாங்கி அழுத்தித் துடைத்தான். அவள் அவசரப்படாமல் பார்த்தாள். மொட்டைத் தலையும், வெறும் நெற்றியும், நாற்பத்தொரு வயதும் அவள் முன்னால் நின்றன.

பிறகு அவள் அவனுடைய அம்மாவுக்கு முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்தாள்.

"பூ வாடுதுங்க அத்தை" என்றாள். "வெச்சு உடுங்க."